விஎம்மில் நெட்வொர்க் அறுந்தால் எங்கே தேடுவது, எந்த வரிசையில் தேடுவது

விஎம்முக்கு (கணினிக்குள் ஓடும் மெய்நிகர் கணினிக்கு) நெட்வொர்க் போய்விட்டது என்றதும் கை தானாக ரீபூட் பக்கம் போகும். கொஞ்சம் பொறுங்கள். ஏஆர்பி அட்டவணை (எந்த ஐபிக்கு எந்த மேக் என்ற குறிப்பு), டிஎச்சிபி லீஸ் (தானாகக் கிடைத்த ஐபியின் தவணை), பிரிட்ஜ் கற்று வைத்திருந்த மேக் முகவரிகள் (அடாப்டர்களின் அடையாள எண்கள்) என்று காரணத்தைக் காட்டிக்கொடுக்கும் தடயங்கள் பலவும் ரீபூட்டில் அழிந்துபோகும். நெட் திரும்பி வந்தாலும் ஏன் போனது என்று தெரியாது. அடுத்த முறை அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

ஒரு பாக்கெட் விஎம்மை விட்டு வெளியே போவதற்குள் பல மூட்டுகளைக் கடக்கிறது. முதலில் கெஸ்ட்டுக்குள் (விஎம்முக்குள் ஓடும் சிஸ்டத்துக்குள்) இருக்கும் மெய்நிகர் அடாப்டர். அதற்கு ஜோடியாக ஹோஸ்ட்டில் (விஎம்மைச் சுமக்கும் நிஜ இயந்திரத்தில்) டேப் என்ற மெய்நிகர் முனை ஒன்று. அந்த டேப் செருகப்பட்டிருக்கும் பிரிட்ஜ் அல்லது மெய்நிகர் ஸ்விட்ச். பிறகு ஹோஸ்ட்டின் ஃபயர்வாலும் நேட்டும் (விஎம்மின் முகவரியை ஹோஸ்ட்டின் முகவரியாக மாற்றி அனுப்புவது), ஹோஸ்ட்டின் நிஜ நெட்வொர்க் அட்டை, வெளியே இருக்கும் ஸ்விட்ச், கடைசியாக வெளி நெட்வொர்க்குக்கு வாசலான கேட்வே. பாக்கெட் எந்த மூட்டில் நின்றுபோகிறது என்று தெரிந்துவிட்டால் திருத்தம் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். அது தெரியாமல் நேட்டை பிரிட்ஜாக மாற்றி, அடாப்டர் வகையை மாற்றி, ஐபியைக் கையால் போட்டுப் பார்த்தால் ஒரு கோளாறு மூன்றாகிவிடும். முதலில் பார்ப்போம், பிறகு கை வைப்போம்.

இங்கே கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் வழக்கம்போலத் தட்டிக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

ஹைப்பர்வைசரின் (விஎம்களை ஓட்டும் மென்பொருளின்) கன்சோல் வழியாக விஎம்முக்குள் நுழையுங்கள். எஸ்எஸ்எச் எப்படியோ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் அதை நம்பி நெட்வொர்க் அமைப்பைத் தொடாதீர்கள். உபுண்டுவில் நெட்வொர்க் அமைப்பை வைத்திருக்கும் நெட்பிளான் கோப்பைத் திருத்தினால் ‘நெட்பிளான் அப்ளை’ வேண்டாம், ‘நெட்பிளான் டிரை’ கொடுங்கள். 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் அது பழைய அமைப்புக்குத் தானே திரும்பிவிடும்.

கையோடு இவற்றின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். லினக்ஸ் கெஸ்ட்டில் ‘ஐபி அட்ரஸ்’, ‘ஐபி ரூட்’, ‘ஐபி நெய்பர்’. விண்டோஸ் கெஸ்ட்டில் ‘ஐபிகான்ஃபிக் /ஆல்’, ‘ரூட் பிரிண்ட்’, ‘ஏஆர்பி -ஏ’. ஹோஸ்ட் லினக்ஸ் என்றால் கர்னல் பதிவின் கடைசி 100 வரிகளும் வேண்டும்.

அடுத்து மூன்று கேள்விகள். ஹோஸ்ட்டுக்கு நெட் இருக்கிறதா? அதே ஹோஸ்ட்டில் இருக்கும் மற்ற விஎம்களுக்கு இருக்கிறதா? கடைசியாக நெட் வேலை செய்ததற்கும் இப்போதைக்கும் இடையில் என்ன மாறியது: அப்டேட், குளோன், ஸ்னாப்ஷாட் திரும்பல், சஸ்பெண்ட், ஹோஸ்ட்டில் விபிஎன், புதிதாக டாக்கர் (கன்டெய்னர்களை ஓட்டும் மென்பொருள்)? ஒரு விஎம் மட்டும் விழுந்திருந்தால் கெஸ்ட்டிலிருந்து தொடங்குங்கள். எல்லா விஎம்மும் விழுந்து ஹோஸ்ட் மட்டும் நன்றாக இருந்தால் பெரும்பாலும் பிரிட்ஜ், நேட், ஃபயர்வால் இந்த மூன்றில்தான் கோளாறு. கெஸ்ட்டுக்குள் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஹோஸ்ட்டுக்கே நெட் இல்லை என்றால் இது விஎம் பிரச்சினையே கிடையாது.

கெஸ்ட்டுக்குள் நான்கு படிகள்

முதல் படி, கேபிள். மெய்நிகர் அடாப்டருக்கும் ‘கேபிள்’ உண்டு, அது கழன்றும் போகும். லினக்ஸில் ‘ஐபி லிங்க்’ கொடுத்தால் ‘நோ-கேரியர்’ என்று வருகிறதா பாருங்கள். வந்தால் கெஸ்ட் அமைப்பில் தவறில்லை, ஹைப்பர்வைசர் பக்கம் போங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் அடாப்டரின் கூடுதல் அமைப்புகளில் ‘கேபிள் கனெக்டெட்’ என்ற கட்டம் டிக் ஆகியிருக்க வேண்டும். விஎம்வேரில் ‘கனெக்டெட்’, ‘கனெக்ட் அட் பவர் ஆன்’ என இரண்டு கட்டங்கள். முதலாவது மட்டும் டிக் ஆகியிருந்தால் அடுத்த முறை விஎம்மை அணைத்துப் போடும்போது நெட் காணாமல் போகும். ஹைப்பர்-வியில் வேறு ஹோஸ்ட்டிலிருந்து கொண்டுவந்த விஎம்முக்கு அதே பெயரில் ஸ்விட்ச் இங்கே இல்லாவிட்டால் அடாப்டர் ‘நாட் கனெக்டெட்’ என்று தொங்கிக்கொண்டிருக்கும். லினக்ஸின் ஹைப்பர்வைசரான கேவிஎம்மில் ‘விர்ஷ் டொம்இஃப்லிஸ்ட்’ போட்டு விஎம்மின் டேப் பெயரை எடுத்து, ‘விர்ஷ் டொம்இஃப்-கெட்லிங்க்’ மூலம் நிலையைப் பாருங்கள். ‘டவுன்’ என்றால் ‘டொம்இஃப்-செட்லிங்க்’ கொடுத்து ‘அப்’ ஆக்கலாம்.

அடாப்டரே பட்டியலில் இல்லையென்றால் டிரைவர் இல்லை. விண்டோஸ் கெஸ்ட்டில் விர்ட்ஐஓ அடாப்டருக்கு நெட்கேவிஎம் டிரைவரையும், விஎம்எக்ஸ்நெட்3 அடாப்டருக்கு விஎம்வேர் டூல்ஸையும் நிறுவ வேண்டும். டிரைவரை இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கு டிரைவர் வேண்டும் என்ற முடிச்சு இங்கே விழும். டிரைவர் உள்ள ஐஎஸ்ஓவை மெய்நிகர் டிவிடியாகச் செருகுங்கள், அல்லது தற்காலிகமாக இ1000 வகை அடாப்டர் ஒன்றைச் சேர்த்து வேலையை முடியுங்கள்.

இரண்டாம் படி, ஐபி. முகவரி 169.254 என்று தொடங்கினால் டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை, இயந்திரம் தனக்குத்தானே ஒரு முகவரி சூட்டிக்கொண்டது என்று பொருள். லினக்ஸில் பல நேரம் முகவரியே இருக்காது. முகவரி இருந்தால் அது நீங்கள் எதிர்பார்க்கும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இதற்குச் சில எண்களை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. விர்ச்சுவல்பாக்ஸின் நேட்டில் கெஸ்ட்டுக்கு 10.0.2.15, கேட்வே 10.0.2.2, டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்லும் சர்வர்) 10.0.2.3. அதன் ஹோஸ்ட்-ஒன்லி (ஹோஸ்ட்டுக்குள்ளேயே நின்றுவிடும்) நெட்வொர்க்கில் ஹோஸ்ட் வழக்கமாக 192.168.56.1. கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் ‘டிஃபால்ட்’ நெட்வொர்க் 192.168.122.0/24, அதன் கேட்வே 192.168.122.1. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் விஎம்நெட்0 பிரிட்ஜ், விஎம்நெட்1 ஹோஸ்ட்-ஒன்லி, விஎம்நெட்8 நேட். விஎம்நெட்8இல் 1இல் முடியும் முகவரி ஹோஸ்ட்டுடையது, 2இல் முடிவதுதான் கேட்வே. கையால் ஐபி போடுபவர்கள் 1ஐக் கேட்வேயாகப் போட்டுவிட்டு ஹோஸ்ட்டுக்கு பிங் போகிறது, இணையம் வரவில்லை என்று தவிப்பதை அடிக்கடி பார்க்கலாம்.

மூன்றாம் படி, கேட்வே. ‘ஐபி ரூட்’ வெளியீட்டில் ‘டிஃபால்ட் வியா’ என்று ஒரே ஒரு வரி இருக்க வேண்டும். இரண்டு அடாப்டர் உள்ள விஎம்மில் இரண்டு டிஃபால்ட் வரிகள் வந்து, குறைந்த மெட்ரிக் உள்ள ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் வழியாகப் போக்குவரத்து கிளம்பினால் இணையம் கிடைக்காது. கேட்வேக்கு பிங் போட்டுப் பாருங்கள். அது போனால் 1.1.1.1 போல வெளியே ஒரு முகவரிக்குப் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: பிங் வரவில்லை என்பது எப்போதும் நெட் இல்லை என்று ஆகாது. விண்டோஸ் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் பிங்கை இயல்பாகவே தடுக்கும். அடாப்டரை மாற்றினால் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க் என்று கருதி ‘பப்ளிக்’ வகையில் போட்டுவிடும். நேற்றுவரை திறந்திருந்த போர்ட்டுகள் இன்று மூடிக்கிடக்கும்.

நான்காம் படி, டிஎன்எஸ். எண்ணுக்குப் போகிறது, பெயருக்குப் போகவில்லை என்றால் கோளாறு இங்கேதான். ஹோஸ்ட்டில் விபிஎன் ஏறியதும் ஹோஸ்ட்டின் டிஎன்எஸ் மாறிவிடும், நேட் வழியாகப் போகும் விஎம் பழைய சர்வரையே கேட்டுக்கொண்டிருக்கும். விர்ச்சுவல்பாக்ஸில் ‘விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைவிஎம்’ கட்டளையில் ‘நேட்டிஎன்எஸ்ஹோஸ்ட்ரிசால்வர்1’ என்ற விருப்பத்தை ‘ஆன்’ செய்தால் கெஸ்ட்டின் பெயர்க் கேள்விகளுக்கு ஹோஸ்ட்டே விடை தேடித் தரும். விஎம் அணைந்திருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும்.

டேப்பிலும் நிஜ அட்டையிலும் காது வைத்துக் கேட்பது

கெஸ்ட்டில் எல்லாம் சரியாக இருந்தும் கேட்வேக்குப் போகவில்லை என்றால் யூகத்தை நிறுத்திவிட்டு, ஓடும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை எடுக்க வேண்டும். மெய்நிகராக்கத்தில் இது ஒரு பெரிய வசதி: நிஜ இயந்திரத்தில் கேபிளின் நடுவில் எளிதில் காது வைக்க முடியாது, இங்கே ஒவ்வொரு மூட்டிலும் வைக்கலாம்.

கெஸ்ட்டின் முகவரி 192.168.10.50, கேட்வே 192.168.10.1, டேப் வினெட்0, பிரிட்ஜ் பிஆர்0, ஹோஸ்ட்டின் நிஜ அட்டை இஎன்ஓ1 என்று வைத்துக்கொள்வோம். கெஸ்ட்டின் கன்சோலில் கேட்வேக்கு பிங்கை ஓடவிடுங்கள். ஹோஸ்ட்டில் இரண்டு டெர்மினல் திறந்து, ஒன்றில் வினெட்0, மற்றொன்றில் இஎன்ஓ1 மீது ‘டிசிபிடம்ப் -இ -என் -ஐ’ ஓடவிடுங்கள். ‘ஏஆர்பி ஆர் ஐசிஎம்பி’ என்று வடிகட்டினால் திரை நிரம்பி வழியாது. ‘-இ’ முக்கியம், மேக் முகவரியும் விலான் (ஒரே கம்பியில் பிரித்து ஓடும் தனி நெட்வொர்க்) எண்ணும் அதில்தான் தெரியும்.

வினெட்0இல் விநாடிக்கு ஒன்றாக ‘ஹூ-ஹேஸ் 192.168.10.1 டெல் 192.168.10.50’ என்று வரி வரியாக ஓட வேண்டும். கெஸ்ட் கேட்வேயின் மேக் முகவரியைக் கூவிக் கேட்கிறது. இனி நீங்கள் காண்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

வினெட்0இல் ஒன்றுமே ஓடவில்லை: பாக்கெட் கெஸ்ட்டை விட்டே வரவில்லை. ரூட், கெஸ்ட் ஃபயர்வால், டிரைவர் இவற்றைப் பாருங்கள். அதற்கு முன் சரியான டேப்பைத்தான் பார்க்கிறோமா என்று ‘டொம்இஃப்லிஸ்ட்’ காட்டும் மேக் முகவரியோடு ஒப்பிடுங்கள். பிராக்ஸ்மாக்ஸில் 100ஆம் எண் விஎம்மின் முதல் அடாப்டருக்கு டேப் பெயர் ‘டேப்100ஐ0’.

வினெட்0இல் ஓடுகிறது, இஎன்ஓ1இல் இல்லை: டேப் வேறு பிரிட்ஜில் செருகியிருக்கிறது, அல்லது இஎன்ஓ1 அந்த பிரிட்ஜில் இல்லவே இல்லை. ‘பிரிட்ஜ் லிங்க்’ கொடுத்தால் எது எதில் இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். பிரிட்ஜில் விலான் வடிகட்டல் இருந்தால் ‘பிரிட்ஜ் விலான் ஷோ’ பாருங்கள்.

இஎன்ஓ1 வழியாகக் கேள்வி வெளியே போகிறது, பதில் வரவில்லை: ஹோஸ்ட் தன் வேலையைச் செய்துவிட்டது. வெளியே இருக்கும் ஸ்விட்ச்சில் போர்ட் செக்யூரிட்டி ஒரு போர்ட்டுக்கு ஒரே மேக் என்று கட்டுப்படுத்தியிருக்கலாம்; பிரிட்ஜில் உள்ள விஎம்கள் எல்லாம் அதே போர்ட் வழியாகப் பல மேக்குகளுடன் வருவதால் ஸ்விட்ச் அவற்றைத் தடுக்கும், சில அமைப்புகளில் போர்ட்டையே மூடிவிடும். அல்லது விலான் எண் தவறு. விஎம் விலான் 20இல் இருக்க வேண்டியது என்றால் இஎன்ஓ1இல் ஓடும் வரியில் ‘விலான் 20’ என்று தெரிய வேண்டும். ஸ்விட்ச் போர்ட் டிரங்க்காக (பல விலான்களைச் சுமப்பதாக) இருந்து டேக் (விலான் எண் முத்திரை) இல்லாமல் போனால் பாக்கெட் நேட்டிவ் விலானுக்குள் (முத்திரை இல்லாதவை சேரும் விலானுக்குள்) போய் விழும். ஈஎஸ்எக்ஸ்ஐ போர்ட் குரூப்பில் 0 என்றால் டேக் இல்லை, 1 முதல் 4094 வரை ஹைப்பர்வைசரே டேக் போடும், 4095 என்றால் டேக்கைக் கெஸ்ட்தான் போட வேண்டும்.

பதில் இஎன்ஓ1 வரை வருகிறது, வினெட்0க்கு வரவில்லை: ஹோஸ்ட்டே வழியில் பிடித்துக்கொள்கிறது. இதற்குத் தனியாக ஒரு பகுதி வேண்டும், கீழே வருகிறது.

பதில் வினெட்0 வரை வந்தும் கெஸ்ட் ‘வரவில்லை’ என்கிறது: கெஸ்ட் ஃபயர்வால், அல்லது மேக் முரண்பாடு. கெஸ்ட்டுக்குள் மேக் முகவரியைக் கையால் மாற்றிவிட்டு ஹைப்பர்வைசர் அமைப்பில் பழையதை விட்டுவைத்தால் இப்படி ஆகும். விர்ச்சுவல்பாக்ஸ் தரும் மேக் 08:00:27 என்றும், கேவிஎம் தருவது 52:54:00 என்றும், விஎம்வேரில் கையால் ஒதுக்குவது 00:50:56 என்றும் தொடங்கும். ஹைப்பர்வைசர் அமைப்பில் இருப்பதிலிருந்து கெஸ்ட் காட்டுவது வேறாக இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஏஆர்பி வருகிறது, பிங் மட்டும் வரவில்லை

இந்த அறிகுறியை நன்றாக நினைவில் வையுங்கள். கெஸ்ட்டில் ‘ஐபி நெய்பர்’ போட்டால் கேட்வேயின் மேக் சரியாகத் தெரிகிறது. ஆனால் பிங், எஸ்எஸ்எச், டிஎச்சிபி எதுவும் நடக்கவில்லை. டிசிபிடம்ப்பில் ஐசிஎம்பி பாக்கெட் வினெட்0இல் தெரிகிறது, இஎன்ஓ1இல் தெரிவதில்லை. பிரிட்ஜ் சரி, கேபிள் சரி, விலான் சரி. அப்படியானால் ஐபி பாக்கெட்டை மட்டும் குறிவைத்துக் கொல்லும் ஒன்று நடுவில் இருக்கிறது: லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸ். ஏஆர்பி அதன் கண்ணில் படாது, அதனால்தான் அது மட்டும் தப்பிக்கிறது.

பிரிட்ஜ் என்பது இரண்டாம் அடுக்கு, அதில் ஐபிடேபிள்ஸுக்கு என்ன வேலை என்று தோன்றும். லினக்ஸில் ‘பிஆர்_நெட்ஃபில்டர்’ என்ற கர்னல் மாட்யூல் ஏறியிருந்து, அதன் ‘பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்’ மதிப்பு 1ஆக இருந்தால் பிரிட்ஜைக் கடக்கும் ஐபி பாக்கெட்டுகளும் ஃபார்வர்ட் சங்கிலிக்குள் (கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதிப் பட்டியலுக்குள்) தள்ளப்படும். ஹோஸ்ட்டில் டாக்கர் நிறுவினால் அது இந்த மாட்யூலைப் பயன்படுத்திக்கொள்ளலாம், கூடவே ஃபார்வர்ட் சங்கிலியின் இயல்புக் கொள்கையை ‘டிராப்’ ஆக்கிவிடவும் கூடும். டாக்கர் தன் கன்டெய்னர்களுக்கு வேண்டிய விதிவிலக்குகளைப் போட்டுக்கொள்கிறது. உங்கள் விஎம்கள் அதற்குத் தெரியாது, அவை வெளியே நின்றுவிடும். மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த விஎம்கள் டாக்கர் வந்த அன்று மொத்தமாக விழுவது இதனால்தான்.

உறுதிப்படுத்த ‘ஐபிடேபிள்ஸ் -எல் ஃபார்வர்ட் -வி -என்’ கொடுங்கள் (‘எல்’ பெரிய எழுத்து). முதல் வரியில் ‘பாலிசி டிராப்’ என்று இருக்கும், அதன் அருகே பாக்கெட் எண்ணிக்கை. கெஸ்ட்டில் பிங்கை ஓடவிட்டு, சில விநாடி கழித்து மறுபடி பாருங்கள். எண்ணிக்கை பிங்கோடு சேர்ந்து ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

திருத்த இரண்டு வழி. ‘பிரிட்ஜ்-என்எஃப்-கால்-ஐபிடேபிள்ஸ்’ மதிப்பை 0 ஆக்குவது எளிது. ஆனால் அந்த ஹோஸ்ட்டில் குபர்நெட்டிஸ் ஓடினாலோ கன்டெய்னர்களுக்கு இடையே தடுப்பு விதிகள் இருந்தாலோ அவை உடையும். நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவது வழி: டாக்கர் பயனருக்காகவே விட்டுவைத்திருக்கும் ‘டாக்கர்-யூசர்’ சங்கிலியில், ‘-ஐ பிஆர்0 -ஓ பிஆர்0 -ஜே அக்செப்ட்’ என்ற விதியை ‘ஐபிடேபிள்ஸ் -ஐ’ (இந்த ‘ஐ’ மட்டும் பெரிய எழுத்து) கொண்டு முதல் இடத்தில் செருகுங்கள். டாக்கரை மறுதொடக்கம் செய்தாலும் அந்தச் சங்கிலியை அது அழிக்காது. ஹோஸ்ட் ரீபூட்டில் விதி போய்விடும் என்பதால் நிலையாகச் சேமிக்கும் வழியையும் அன்றைக்கே செய்துவிடுங்கள்.

நேட்டில் இருக்கும் விஎம்களுக்கு இதற்கு இணையான கோளாறு ஒன்று உண்டு. ஹோஸ்ட்டில் யாரோ ஃபயர்வால் விதிகளை மொத்தமாகத் துடைத்து மறுபடி ஏற்றினால், லிப்விர்ட் போட்டு வைத்திருந்த நேட் விதிகளும் சேர்ந்து போய்விடும். விஎம் ஹோஸ்ட்டுக்கு பிங் போடும், அதைத் தாண்டாது. லிப்விர்ட் சேவையை மறுதொடக்கம் செய்தால் அது தன் விதிகளைத் திரும்பப் போட்டுக்கொள்ளும். ‘விர்ஷ் நெட்-லிஸ்ட் --ஆல்’ பட்டியலில் ‘டிஃபால்ட்’ நெட்வொர்க் ‘இன்ஆக்டிவ்’ என்றிருந்தால் ‘நெட்-ஸ்டார்ட் டிஃபால்ட்’, கூடவே ‘நெட்-ஆட்டோஸ்டார்ட் டிஃபால்ட்’ கொடுங்கள். இரண்டாவதை மறந்தால் ஹோஸ்ட் அடுத்து எழும்போது இதே இடத்துக்குத் திரும்புவீர்கள்.

பிரிட்ஜைக் கையால் அமைப்பவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு: ஹோஸ்ட்டின் ஐபியை இஎன்ஓ1 மீதே விட்டுவிட்டு அதை பிரிட்ஜுக்குள் சேர்ப்பது. ஐபி பிஆர்0 மீதுதான் இருக்க வேண்டும், இஎன்ஓ1 வெறும் போர்ட்டாக இருக்க வேண்டும். இன்னொன்று, பிரிட்ஜ் இல்லாமல் நிஜ அட்டையோடு நேராக இணைக்கும் மேக்விடேப் வழியாக இணைத்த விஎம் வெளியே எல்லோரோடும் பேசும், தன் ஹோஸ்ட்டோடு மட்டும் பேசாது. அது கோளாறு கிடையாது, அதன் அமைப்பே அப்படித்தான். ஹோஸ்ட்டோடும் பேச வேண்டுமானால் இரண்டாவது அடாப்டர் ஒன்றை ஹோஸ்ட்-ஒன்லியாகச் சேர்த்துவிடுங்கள்.

வைஃபை மீது பிரிட்ஜ்

லேப்டாப்பில் வயர் இணைப்பில் இருந்தபோது ஓடிய பிரிட்ஜ் விஎம், வைஃபைக்கு மாறியதும் ஊமையாகிவிடும். வைஃபையில் ஒரு கருவி தன் சொந்த மேக் முகவரியோடு அக்சஸ் பாயின்ட்டில் பதிந்துகொள்கிறது. வேறு மேக்கிலிருந்து வரும் ஃபிரேம்களை அக்சஸ் பாயின்ட் ஏற்காது. விஎம்வேரும் விர்ச்சுவல்பாக்ஸும் மேக்கை மாற்றி எழுதிச் சமாளிக்கின்றன, அது எல்லா இடத்திலும் கைகொடுப்பதில்லை. லினக்ஸ் பிரிட்ஜில் வைஃபை அட்டையைச் சேர்க்கவே பொதுவாகக் கர்னல் மறுத்துவிடும். வைஃபையில் நேட்டுக்கு மாறுங்கள், வெளியிலிருந்து உள்ளே வர வேண்டிய போர்ட்டுகளுக்கு ஃபார்வர்டிங் போடுங்கள். விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனில் பிரிட்ஜ் ‘ஆட்டோமேட்டிக்’ என்றிருந்தால் அது விபிஎன் அடாப்டர் போன்ற தவறான ஒன்றைப் பிடித்துக்கொள்ளக்கூடும். விர்ச்சுவல் நெட்வொர்க் எடிட்டரில் எந்த அட்டை என்று நீங்களே பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

குளோன் எடுத்தபின் வரும் கோளாறுகள்

குளோன் எடுக்கும்போது மேக் முகவரியைப் புதிதாக உருவாக்கச் சொல்ல வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். அதைச் செய்த பிறகும் இரண்டு உபுண்டு குளோன்கள் ஒரே ஐபியை வாங்கிக்கொண்டு ஒன்றை ஒன்று தள்ளிவிடுவதுதான் குழப்பும். உபுண்டு சர்வரில் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன்னை டிஎச்சிபி சர்வரிடம் அடையாளம் காட்ட இயல்பாக மேக்கைப் பயன்படுத்துவதில்லை. ‘/இடிசி/மெஷின்-ஐடி’ கோப்பிலிருந்து உருவாக்கிய அடையாளத்தைக் கொடுக்கிறது. குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே நகலாகிவிடும். சர்வருக்கு இருவரும் ஒருவரே. நிரந்தரத் தீர்வு, டெம்ப்ளேட்டை மூடுவதற்கு முன் அந்தக் கோப்பைக் காலியாக்குவது. கோப்பையே அழிக்க வேண்டாம், 0 பைட்டாக விட்டுவிடுங்கள், அடுத்த பூட்டில் புதிய எண் உருவாகும். ஏற்கெனவே ஓடும் குளோனுக்கு நெட்பிளானில் ‘டிஎச்சிபி-ஐடென்டிஃபையர்: மேக்’ என்று ஒரு வரி சேர்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. முதல் பூட்டில் விஎம்மை அமைத்துத் தரும் கிளவுட்-இனிட் எழுதிய நெட்பிளான் கோப்பில் ‘மேட்ச்’ என்பதன் கீழ் பழைய மேக் முகவரி எழுதப்பட்டிருக்கலாம். குளோனின் மேக் புதியது என்பதால் எந்த அடாப்டரும் பொருந்தாது, கெஸ்ட் ஐபி கேட்கவே கேட்காது. அதேபோல விஎம்முக்குப் புதிய பிசிஐ சாதனம் ஒன்றைச் சேர்த்தாலோ அடாப்டர் வகையை மாற்றினாலோ லினக்ஸில் அடாப்டரின் பெயர் மாறக்கூடும்: நேற்று இஎன்எஸ்33, இன்று இஎன்எஸ்192. அமைப்புக் கோப்பு பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும்.

விண்டோஸில் இதன் வடிவம் வேறு. அடாப்டரை மாற்றியபின் பழைய நிலையான ஐபியைப் போட்டால், அது வேறொரு அடாப்டருக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டிருக்கிறது என்று எச்சரிக்கை வரும். கழற்றப்பட்ட பழைய அடாப்டரின் அமைப்பு ரெஜிஸ்ட்ரியில் இன்னும் இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ கொடுத்து, நெட்வொர்க் அடாப்டர்கள் பகுதியில் மங்கலாகத் தெரியும் பழையதை நீக்கிவிட்டு ஐபியைப் போடுங்கள்.

சஸ்பெண்டிலிருந்தோ ஸ்னாப்ஷாட்டிலிருந்தோ எழுந்த விஎம் தன் பழைய லீஸ் இன்னும் செல்லும் என்றே நம்பும். அதற்குள் அந்த ஐபி வேறொருவருக்குப் போயிருக்கலாம். விண்டோஸில் ‘ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்’, பிறகு ‘/ரினியூ’. லினக்ஸில் அடாப்டரை இறக்கி ஏற்றினால் போதும்.

இணைகிறது, ஆனால் தொங்குகிறது

பிங் போகிறது, எஸ்எஸ்எச் கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே உறைகிறது, இணையப் பக்கங்கள் பாதியில் நிற்கின்றன. சின்ன பாக்கெட் போகிறது, பெரியது போகவில்லை என்பதன் அடையாளம் இது. எம்டியுவை (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவை) சந்தேகியுங்கள். லினக்ஸ் கெஸ்ட்டில் ‘பிங் -எம் டூ -எஸ் 1472’ (‘எம்’ பெரிய எழுத்து), விண்டோஸில் ‘பிங் -எஃப் -எல் 1472’ என்று வெளியே ஒரு முகவரிக்குப் போடுங்கள். 1472உடன் தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் 1500. அது போகாமல் 1422 போனால் வழியில் 1450தான் இடம் இருக்கிறது. விஎக்ஸ்லான் சுரங்கம் 50 பைட்டை எடுத்துக்கொள்ளும்போது சரியாக இந்த எண்தான் வரும். விபிஎன் என்றால் எண் இன்னும் குறையலாம். 10 பைட்டாக இறக்கிக்கொண்டே போய், போகும் பெரிய அளவைக் கண்டுபிடித்து, அதோடு 28ஐக் கூட்டிக் கெஸ்ட் அடாப்டரின் எம்டியுவாகப் போடுங்கள்.

எம்டியு சரியாக இருந்தும் பெரிய கோப்பு நகலின் நடுவில் அறுந்தால் ஹோஸ்ட்டின் கர்னல் பதிவைப் பாருங்கள். இ1000இ டிரைவர் உள்ள அட்டைகளில் ‘டிடெக்டெட் ஹார்ட்வேர் யூனிட் ஹேங்’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், ‘எத்டூல் -கே இஎன்ஓ1 டிஎஸ்ஓ ஆஃப் ஜிஎஸ்ஓ ஆஃப்’ (‘கே’ பெரிய எழுத்து) கொடுத்து, பெரிய தரவைப் பாக்கெட்டுகளாக நறுக்கும் வேலையை அட்டையிடமிருந்து கர்னலுக்கு மாற்றுங்கள். சிபியு சற்றே கூடுதலாகச் செலவாகும், இணைப்பு அறுந்துபோகாது.

விட்டு விட்டு அறுவது

இதுதான் பொறுமையைக் கேட்கும் வகை. நேரத்தைக் குறித்துவைப்பது பாதி வேலை: கெஸ்ட்டிலிருந்து கேட்வேக்கும், ஹோஸ்ட்டிலிருந்து கேட்வேக்கும் நேரக்குறியோடு பிங்கை ஓடவிட்டுக் கோப்பில் சேருங்கள். லினக்ஸில் பிங்கோடு ‘-டி’ (ஏ, பி, சி, டி வரிசையில் வரும் பெரிய ‘டி’) சேர்த்தால் ஒவ்வொரு வரிக்கும் நேரம் விழும். இரண்டும் ஒரே நொடியில் அறுந்தால் கோளாறு ஹோஸ்ட்டுக்கு வெளியே அல்லது அதன் அட்டையில். கெஸ்ட் மட்டும் அறுந்தால் உள்ளே.

ஒரே ஐபி இரண்டு இடத்தில் இருந்தால் இணைப்பு வந்து வந்து போகும். அதே நெட்வொர்க்கில் இன்னொரு இயந்திரத்திலிருந்து ‘ஐபி நெய்பர்’ போட்டு, விஎம்மின் ஐபிக்கு எதிரே மேக் மாறி மாறி வருகிறதா என்று கவனியுங்கள். விஎம்முக்குள்ளிருந்து ‘ஏஆர்பிங் -டி’ (இங்கும் அதே பெரிய ‘டி’) கொடுத்தாலும் அந்த முகவரிக்கு வேறு யாராவது பதில் சொல்வது தெரியும்.

வேறு ஹோஸ்ட்டுக்கு நேரடியாக இடம் மாறிய விஎம் சுமார் 5 நிமிடம் காணாமல் போய்த் தானாகத் திரும்பினால், ஸ்விட்ச் அந்த மேக்கைப் பழைய போர்ட்டிலேயே நினைவில் வைத்திருந்தது என்று பொருள். மேக் அட்டவணையின் வழக்கமான ஆயுள் 300 விநாடி. ஈஎஸ்எக்ஸ்ஐயில் ‘நோட்டிஃபை ஸ்விட்சஸ்’ ‘யெஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். அதற்குள் கெஸ்ட்டிலிருந்து கேட்வேக்கு ஒரு பிங் போட்டாலே ஸ்விட்ச் புதிய இடத்தைக் கற்றுக்கொள்ளும்.

கூட்ட நேரத்தில் மட்டும் புதிய இணைப்புகள் விழுந்து, ஏற்கெனவே இருந்தவை தொடர்ந்தால் நேட் செய்யும் ஹோஸ்ட்டில் ‘என்எஃப்_கான்ட்ராக்: டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்’ என்ற வரியை (இணைப்புகளைக் குறித்துவைக்கும் அட்டவணை நிரம்பிவிட்டது என்று பொருள்) கர்னல் பதிவில் தேடுங்கள். ‘என்எஃப்_கான்ட்ராக்_கவுன்ட்’ மதிப்பு ‘என்எஃப்_கான்ட்ராக்_மேக்ஸ்’ மதிப்பைத் தொட்டிருக்கும். மேக்ஸை இரட்டிப்பாக்கிச் சிஸ்சிடிஎல் கோப்பில் நிலையாக எழுதுங்கள். பிறகு எந்த விஎம் இத்தனை இணைப்புகளைத் திறக்கிறது என்று ‘கான்ட்ராக் -எல்’ (பெரிய ‘எல்’) பட்டியலை மூல ஐபிவாரியாக எண்ணிப் பாருங்கள்.

அதுவும் இல்லையென்றால் ‘ஐபி -எஸ் லிங்க் ஷோ வினெட்0’ கொடுத்து ‘டிராப்ட்’ எண்ணைப் பாருங்கள். இங்கே திசை தலைகீழ்: டேப்பின் டிஎக்ஸ் என்பது ஹோஸ்ட்டிலிருந்து கெஸ்ட்டுக்குப் போவது. டிஎக்ஸ் பக்கம் டிராப் ஏறினால் கெஸ்ட் வருகிற வேகத்துக்குப் படித்து முடிக்கவில்லை. அந்த நேரத்தில் கெஸ்ட்டுக்கு சிபியு கிடைக்கிறதா என்று கெஸ்ட்டின் ‘டாப்’ திரையில் ‘எஸ்டி’ (விஎம்முக்குக் கிடைக்காமல் போன சிபியு நேரம்) என்ற எண்ணைப் பாருங்கள். அது தொடர்ந்து உயரத்தில் இருந்தால் ஹோஸ்ட்டில் சிபியுவுக்கு அளவுக்கு மீறிய போட்டி; ஒன்றிரண்டு விஎம்களை வேறு ஹோஸ்ட்டுக்கு மாற்றுங்கள். எஸ்டி 0ஐ ஒட்டியே இருந்தும் டிராப் ஏறினால் விர்ட்ஐஓ அடாப்டருக்கு மல்ட்டிகியூவை (பாக்கெட்டுகளைப் பல வரிசைகளில் கையாளும் வசதியை) இயக்கி, கியூ எண்ணிக்கையை விஎம்மின் விசிபியு எண்ணிக்கைக்குச் சமமாக வையுங்கள்.